முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டும்

காரமடைக்குச் சற்று முன்னால் அது நடந்தது. ஐப்பசி மாதம், காலை 6 மணி, விடாத தூறல். துடியலூரில் வீட்டிலிருந்து கிளம்பி இருபது நிமிடம் ஆகியிருக்கும். மேட்டுப்பாளையம் சாலை காலியாக இருந்ததால் அதுவரை பிரேக்கை ஒருமுறைகூட அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கவில்லை. 60 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் சென்ற பால் வண்டி திடீரென்று நின்றது. எப்போதும் மிதிக்கிற அளவுக்கு மிதித்தேன். வேகம் குறையவில்லை. பெடல் கல்லைப் போல் இருந்தது. இருக்கையில் முதுகை ஊன்றி, காலின் முழுப் பலத்தையும் கொடுத்த பிறகுதான் உறக்கத்திலிருந்து எழுந்தது போல பிரேக் பிடித்தது. அதற்குள் காரின் பின்புறம் ஒரு பக்கமாக லேசாக நெளிந்தது. நின்றபோது பால் வண்டிக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. பக்கத்து இருக்கையில் அம்மா. அவர் ஒன்றும் சொல்லவில்லை. டேஷ்போர்டில் ஊன்றிய கையை எடுக்க மட்டும் வெகுநேரம் ஆனது.

அன்று என் காரில் இருந்தவை, என்னால் வாங்க முடிந்ததிலேயே விலை உயர்ந்த பிரேக் பேடுகள். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இருபுறமும் அழுத்திப் பிடித்துக் காரை நிறுத்தும் கட்டைகள்தான் பேடுகள்.

கார் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், 230 குதிரைத்திறன். 2017 மாடலை இரண்டாவது கையாக வாங்கினேன். வார நாட்களில் அலுவலகம், மாதத்தில் ஒருமுறை மலை, வருடத்தில் ஓரிரு நாள் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீடுவே என்ற பந்தயப் பாதை. இதுதான் அதன் வாழ்க்கை. இந்தக் கணக்கை அன்றைக்கே ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் அம்மாவை அப்படி உட்கார வைத்திருக்க மாட்டேன். ஆண்டில் இரண்டு நாளுக்குத் தேவையான பேடைப் போட்டுக்கொண்டு மற்ற 363 நாளுக்கும் அதையே நம்பியிருந்தேன்.

ஏன் அந்தப் பேடைத் தேடிப் போனேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஐந்தாறு மாதம் முன்பு, கோடை சீசனில், கோத்தகிரி வழியாக இறங்கிக்கொண்டிருந்தோம். சீசன் நெரிசலில் ஏறுகிறவர்களைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிறவர்களைக் கோத்தகிரி வழியாகவும் போலீஸார் அனுப்புவது வழக்கம். காரில் நான்கு பேர், பின்னால் நிறைய சாமான். கியரை, தானாக மாறிக்கொள்ளும் ‘டி’யிலேயே விட்டுவிட்டேன். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக அந்த கியர்பாக்ஸ் உயர்ந்த கியருக்குத் தாவிக்கொண்டே இருக்கும், என்ஜின் காரைப் பிடித்து நிறுத்தாது. எல்லா வேலையையும் நான் பிரேக்கால் செய்தேன். அதுவும் விட்டு விட்டு மிதிக்காமல், நேரான இறக்கத்திலும் லேசாக மிதித்தபடியே வந்தேன். பாதி வழியில் ஒரு நாற்றம் வந்தது, சூடான இரும்பும் கருகிய பசையும் கலந்தது போல. கடைசி வளைவுகளில் பெடல் உறுதியாகத்தான் இருந்தது, ஆனால் இருமடங்கு மிதித்தால்தான் கார் கேட்டது. மேட்டுப்பாளையத்தில் டீக்கடை முன்பு நிறுத்தியபோது முன்சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை. டீ குடித்துவிட்டு வந்து மிதித்தேன். பெடல் பஞ்சு போல உள்ளே போனது.

இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பது அன்று எனக்குத் தெரியாது. பெடல் உறுதியாக இருந்தும் கார் நிற்காமல் போவது பேடின் கோளாறு. பேடில் உராய்வுப் பொருட்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு வகைப் பிசின். தாங்கக்கூடிய சூட்டைத் தாண்டினால் அது சிதையத் தொடங்கி வாயுவை விடுகிறது, உராய்வு குறைகிறது. பெடல் உள்ளே போவது வேறு. அது, காலின் அழுத்தத்தைச் சக்கரம்வரை கொண்டுபோகும் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானதற்கு அடையாளம். திரவத்தை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். அதனால்தான் கால் உள்ளே போகிறது, பேடை டிஸ்க்கோடு அழுத்தும் கவ்வியான காலிபருக்கு அழுத்தம் போய்ச் சேர்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்வரை காற்று பட்டுத் தாக்குப்பிடித்த ஆயில், நின்ற பிறகு டிஸ்க்கிலிருந்தும் பேடிலிருந்தும் காலிபருக்குள் இறங்கிய சூட்டில் கொதித்திருக்கிறது. டீக்கடைக்குப் பிறகு அது தெரியவந்தது நான் செய்த புண்ணியம். மலையில் தெரிந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆட்களும் சாமானும் சேர்த்து கார் குறைந்தது 1,700 கிலோ. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,500 மீட்டர். அந்த இறக்கத்தில் கரைக்க வேண்டிய ஆற்றல் சுமார் 2 கோடியே 50 லட்சம் ஜூல். அதே கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக நிற்கும்போது பிரேக் விழுங்குவது 6 லட்சத்துச் சொச்சம்தான். அதாவது, ஒரு மலை இறக்கம் என்பது நூறில் ஓடி முழுதாக நிறுத்துவதை 38 முறை செய்வதற்குச் சமம். அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். பெரும்பகுதியை என்ஜின் எடுத்துக்கொள்ள நாம் விட வேண்டும். நான் விடவில்லை. அந்த ஆற்றலில் பெரும்பங்கு இரண்டு முன் டிஸ்க்குகளுக்குள்தான் போயிருக்கிறது.

இதை அப்போதே புரிந்துகொண்டிருந்தால் கியரையும் ஆயிலையும் பார்த்திருப்பேன். நான் பேடைப் பார்த்தேன். “எவ்வளவு சூட்டிலும் தோற்காத பேடு வேண்டும்” என்று கடையில் கேட்டேன். கேட்டதைக் கொடுத்தார்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியிலேயே 200 முதல் 700 டிகிரி வரை என்று அச்சிட்டிருந்தது. 700 என்ற எண்ணைப் பார்த்து மயங்கினேன். 200 என்ற எண்தான் எனக்கான எச்சரிக்கை.

அந்தச் சூட்டை எட்டும்வரை அது சரியாகப் பிடிக்காது, பந்தயத்துக்கான பேடின் இயல்பு அது. கரி பாதை ஏறத்தாழ 2.1 கி.மீ. இரண்டு சுற்றுக்குள் டிஸ்க் சூடேறிவிடும், பிறகு ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் பிரேக் பல்லைக் கடித்துப் பிடிக்கும். அங்கே அந்தப் பேடு தந்த நம்பிக்கையை இப்போதும் மறக்க முடியாது. ஆனால் துடியலூரிலிருந்து காரமடைக்குப் போகும் தூறலில் டிஸ்க்கின் சூடு 200 டிகிரிக்குப் பக்கத்தில்கூட வராது. மழையில் நனைந்து குளிர்ந்துபோன டிஸ்க், அதன்மேல் ஒரு படலம் தண்ணீர், வேலை செய்யத் தொடங்காத பேடு. போதாக்குறைக்கு நான் முன்சக்கரங்களுக்கு மட்டும்தான் புதுப் பேடு போட்டிருந்தேன். பின்னால் கம்பெனிப் பேடு அப்படியே இருந்தது. குளிர்ந்த நிலையில் முன் பேடுகள் தூங்க, பின் பேடுகள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தன. பிரேக் சமநிலை பின்னுக்கு நகர்ந்தது. காரின் பின்புறம் நெளிந்ததற்குக் காரணம் அதுதான் என்று நம்புகிறேன். முன்னும் பின்னும் ஒரே குணமுள்ள பேடுகளாக இருக்க வேண்டும் என்பதை அந்த நெளிவில் கற்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேகமான கார் வைத்திருக்கும் நண்பர்கள் பலரும் இதில்தான் தடுமாறுகிறார்கள். விலை உயர்ந்த பேடு போட்டால் கார் குறைந்த தூரத்தில் நிற்கும் என்று நினைக்கிறோம். காரைக் கடைசியில் நிறுத்துவது டயர். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு உங்கள் பேடு சக்கரத்தைப் பிடித்துவிட்டால், அதற்கு மேல் எந்தப் பேடாலும் ஒரு முழம்கூடக் குறைக்க முடியாது. கம்பெனிப் பேடே முதல் மிதியில் அந்த அளவுக்குப் பிடித்துவிடும். அப்படியானால் நல்ல பேடு எதற்கு? அதே பிடிமானம் பத்தாவது மிதியிலும் இருபதாவது மிதியிலும் இருப்பதற்கு. எவ்வளவு மிதித்தால் எவ்வளவு பிடிக்கும் என்பது காலுக்கு மனப்பாடமாக இருப்பதற்கு. காரமடையில் எனக்குப் போனது அந்த மனப்பாடம்தான். “பிடிக்கவில்லையே” என்று உணர்ந்து கூடுதலாக மிதிக்க அரை விநாடி ஆனது என்று வைத்துக்கொண்டாலும், 60 கி.மீ. வேகத்தில் அரை விநாடி என்பது 8 மீட்டருக்கும் மேல். இரண்டு கார் நீளம்.

வீடு திரும்பியதும் நேராக எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். முப்பது வருடமாக கவுண்டம்பாளையம் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். பேடைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது ஓடிக்கொண்டே இருக்கிற காருக்குச் செய்தது. நீங்கள் நின்று நின்று போகிறவர். முதல் மிதிக்கு என்ன செய்கிறது என்று கேட்டீர்களா?” என்றார். கேட்கவில்லை. டிஸ்க்கை விரலால் தடவிக் காட்டினார். ஐந்து மாதத்தில் அதன் பரப்பில் ரெக்கார்டுத் தட்டு போலக் கோடுகள் விழுந்திருந்தன. சூடேறாத பந்தயப் பேடு டிஸ்க்கை உரசித் தின்னும். அலாய் சக்கரத்தில் ஒட்டியிருந்த கரும்பொடி மழையில் துருப்பிடித்து, தேய்த்தாலும் போகாமல் புள்ளிகளாக நின்றது. சிக்னலில் நிற்கும்போது எழும்பிய கீச்சொலியைப் பற்றி நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, தெருமுனையிலேயே அவர் கேட்டுவிட்டாராம்.

பிறகு பேடு வாங்க நான் செய்தவற்றை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், எனக்கு வேண்டிய சூட்டின் எல்லையைத் தீர்மானித்தேன். பனிக்காலக் காலையில் வாசலை விட்டு இறங்கும்போதே பிடிக்க வேண்டும். அதே பேடு, கியரைச் சரியாகப் பயன்படுத்தி மலை இறங்கும்போது தளரக் கூடாது. சாதாரணத் தெருப் பேடுகள் 350, 400 டிகிரியை ஒட்டித் தளரத் தொடங்கும். வேகமான சாலைப் பயணத்துக்கென்று செய்யப்படும் பேடுகள் குளிரிலும் பிடித்து, 500 டிகிரி வரையாவது தாக்குப்பிடிக்கும். எனக்குத் தேவை அந்த நடு ரகம். உலோகப் பங்கு குறைந்த பேடு, செராமிக் பேடு, பாதி உலோகப் பேடு என்று கடையில் பிரித்துச் சொல்வார்கள். செராமிக் பேடு சத்தமும் பொடியும் குறைவாகத் தருவது உண்மை. ஆனால் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஒரே பெயரில் ஒவ்வொரு கம்பெனியும் வெவ்வேறு கலவை செய்கிறது. அதனால் பெயரை விட்டுவிட்டு, பேடின் முதுகைப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

பேடின் பின்தகட்டிலோ ஓரத்திலோ நீளமாக ஒரு எழுத்துவரிசை இருக்கும். அதன் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால், அவை அமெரிக்க வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇயின் முறைப்படி உராய்வு அளவைக் குறிப்பவை. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில், இரண்டாவது எழுத்து அதிகச் சூட்டில். ‘ஈ’ என்றால் உராய்வுக் கெழு, அதாவது பேடு எவ்வளவு பிடிக்கும் என்பதன் அளவு, 0.25க்கும் 0.35க்கும் இடையில். ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை. ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. ‘எஃப்ஈ’ என்று பார்த்தால் சூட்டில் இறங்கும் பேடு என்று பொருள், மலை ஏறி இறங்குகிறவர் அதைத் தொட வேண்டாம். நான் ‘எஃப்எஃப்’ அல்லது அதற்கு மேல் என்று வைத்துக்கொண்டேன். இந்தச் சோதனை ஓர் அங்குலச் சதுரத் துண்டை வைத்துச் செய்யப்படுவது, உங்கள் காரில் அல்ல. ஆகவே இது சல்லடை மட்டும்தான், தீர்ப்பு இல்லை.

அதைவிட நான் மதிப்பது ‘ஆர் 90’ முத்திரையை. ஐரோப்பிய விதிமுறையான இதன்படி, மாற்றுப் பேடின் பிடிமானம் காரோடு வந்த அசல் பேடின் பிடிமானத்திலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. குளிர்ந்த நிலையிலும் சோதிக்கிறார்கள். பின்தகட்டில் வட்டத்துக்குள் ஓர் ‘ஈ’ எழுத்தும் எண்ணும், பக்கத்தில் 90 என்று தொடங்கும் எண்வரிசையும் இருக்கும். பந்தயப் பேடுகள் பலவற்றில் இது இருக்காது. என் பழைய பேடின் முதுகை அண்ணனின் மேசை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை. ஏபிஎஸ், கார் சறுக்கித் திரும்பாமல் காக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு எல்லாம் அசல் பேடின் பிடிமானத்தை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. அதிலிருந்து வெகுதூரம் போகாமல் இருப்பது சாலையில் ஓட்டுகிறவருக்கு நல்லது.

உராய்வுப் பொருள் தயாரிப்பில் நம் சென்னை பெரிய ஊர் என்பதை இந்தத் தேடலில்தான் கவனித்தேன். பாடி என்ற ஒரு பகுதியிலேயே பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் இருக்கின்றன. சாதாரணக் காருக்குப் பேடு தேடுகிறவர் கடல் கடந்து போக வேண்டியதில்லை. என் காரின் அளவுக்கு, வேகப் பயணத்துக்கான ரகத்தில், நான் வாங்கியது இறக்குமதிப் பேடுதான். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்கினேன். பிரேக் பேடில் போலி உண்டு, பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் பாதி உயிரைக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பேடு வந்ததும் மாட்டிவிடவில்லை. அண்ணன் முதலில் டிஸ்க்கை அளந்தார். டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக்கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். கோடு விழுந்த என் முன் டிஸ்க்குகளைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து சமமாக்கினால் அதற்குக் கீழே போய்விடும் என்பதால் புதிதாகவே போட்டோம். பிறகு காலிபர் நகரும் ஊசிகளைக் கழற்றினார். வலப்பக்கம் ஒன்று துருவால் இறுகியிருந்தது. அந்தப் பக்கத்தில் உட்பேடு, வெளிப்பேடைவிட 3 மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. இதைப் பார்க்காமல் எவ்வளவு நல்ல பேடு போட்டாலும் பணம் வீண். சுத்தம் செய்து, அதற்கென்றே உள்ள கிரீஸ் பூசி மாட்டினார். பழைய பொடியைக் காற்றடித்து ஊத அவர் அனுமதிப்பதில்லை. ஈரத்துணியால்தான் துடைப்பார். நுரையீரலுக்கு அவர் கொடுக்கும் மரியாதை அது, எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் வர வேண்டிய பழக்கம்.

அடுத்தது ஆயில். என் காருக்கான ‘டாட் 4’ ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் 3.7 சதவீதம் சேர்ந்துவிட்டால் அந்தக் குறைந்தபட்ச எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கோத்தகிரியில் என் காரில் இருந்த ஆயில் மூன்று வருடத்துக்கு மேல் பழசு. இதை மட்டும் மாற்றியிருந்தால் பெடல் உள்ளே போயிருக்காது. பேடுக்குச் செலவழித்ததில் சிறு பங்குதான் இதன் விலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று இப்போது நாள்காட்டியில் குறித்துவிட்டேன். தேய்ந்துபோன பேடும் ஆயிலைக் கொதிக்க வைக்கும். பேடுதான் டிஸ்க்கின் சூட்டுக்கும் காலிபருக்கும் நடுவிலுள்ள சுவர். அது மெலிய மெலியச் சூடு எளிதாக உள்ளே வரும். அதனால் 3 மில்லிமீட்டர்தான் கடைசி எல்லை என்றாலும், மலைக்குப் போவதாக இருந்தால் 5 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுகிறேன்.

புதுப் பேடைப் பழக்குவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, நீலாம்பூர் தாண்டி அவிநாசி செல்லும் ஆறுவழிச் சாலையில், பின்னால் யாரும் வரவில்லை என்று கண்ணாடியில் உறுதிசெய்துகொண்டு, 80 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை நிதானமான அழுத்தத்தில் குறைத்தேன். முழுதாக நிறுத்தவில்லை. இடையில் சிறிது ஓடவிட்டு மறுபடி. இப்படிப் பத்து முறை. பிறகு பத்து கிலோமீட்டர் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டி ஆறவிட்டேன். இதனால் பேடின் மெல்லிய படலம் ஒன்று டிஸ்க் முழுவதும் சமமாகப் படிகிறது. சூடாக இருக்கும்போது மிதித்தபடி நின்றுவிட்டால் ஓரிடத்தில் மட்டும் தடிமனாகப் படியும், பிறகு பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கும். “டிஸ்க் வளைந்துவிட்டது” என்று சொல்லி மாற்றப்படும் டிஸ்க்குகளில் பல இப்படிப் படலம் சமமில்லாதவைதான்.

இப்போது மலை இறங்கும்போது கியரை என் கையில் எடுத்துக்கொள்கிறேன். எந்த கியரில் ஏறுவேனோ அதே கியரில் இறங்குகிறேன், பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. கொண்டை ஊசி வளைவுக்கு முன் ஒருமுறை அழுத்தமாக மிதித்து முழுதாக விட்டுவிடுகிறேன், லேசாக மிதித்தபடியே வருவதில்லை. மழை நாளில் கிளம்பினால் முதல் கிலோமீட்டரிலேயே இரண்டு முறை மெல்ல மிதித்து டிஸ்க்கின் ஈரத்தைத் துடைத்துக்கொள்கிறேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் போன தை மாதம் இப்படியே இறங்கினேன். காரவள்ளியில் நிறுத்தியபோது நாற்றமில்லை. கால் மணி நேரம் கழித்து மிதித்தபோதும் பெடல் தன் இடத்திலேயே இருந்தது.

பந்தயப் பேடுகளை எறிந்துவிடவில்லை. அவை தேய்த்த பழைய டிஸ்க்குகளோடு சேர்த்துத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். தடிமன் எல்லையைத் தொடும் டிஸ்க்கைப் பாதையில் ஓட்டக் கூடாது என்று அண்ணன் டிஸ்க்கை மட்டும் வாங்கிக்கொண்டு எடைக்குப் போட்டுவிட்டார். கரிக்குப் போகும் நாளில் காலையில் பேடு மாற்றி, மாலையில் வீடு திரும்பும் முன் மறுபடி மாற்றுகிறோம். முன் சக்கரங்களுக்கு ஒரு மணி நேரம், பின் சக்கரங்களுக்கும் அதேபோல, ஏனென்றால் இப்போது பின்னாலும் அதே ரகத்தில் ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன்.

பின் சக்கரத்துச் சாலைப் பேடுகள் இப்போது 6 மில்லிமீட்டர் இருக்கின்றன. ஆடி கழிந்ததும் கழற்றிப் பார்க்கலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அதற்குள் அம்மாவைக் கோத்தகிரிக்கு ஒருமுறை அழைத்துப்போக வேண்டும்.